நாட்டின் நாணயத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

2022 மார்ச் 28-ஆம் தேதி, பெட்ரோல் ஏற்றிய ஒரு கப்பல் இலங்கைக் கடலுக்குள் வந்து நங்கூரம் போட்டது. மே 18-ஆம் தேதியும் அது அங்கேயேதான் நின்றது. கரையில் பெற்றோல் செட் வாசலில் ஆட்டோக்களும் பைக்குகளும் நாள் கணக்கில் வரிசை கட்டி நின்றன. கடலில் சரக்கு தயார், கொடுக்க டாலர் இல்லை. அன்று நாடாளுமன்றத்தில் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்தக் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை, ஜனவரியில் வந்த சரக்குக்கே இதே கப்பல்காரருக்கு 5.3 கோடி டாலர் பாக்கி, தயவுசெய்து வரிசையில் நிற்காதீர்கள் என்றார்.

அதே மே 18-ல் இன்னொரு கெடுவும் முடிந்தது. வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கு ஏப்ரல் 18-ல் கட்டியிருக்க வேண்டிய 7.8 கோடி டாலர் வட்டி அது. தவணை தவறினால் 30 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசமும் தீர்ந்ததும், மறுநாள் ஃபிட்ச் என்ற நிறுவனம் இலங்கையின் பெயருக்கு எதிரே 'ஆர்.டி.' என்று இரண்டு எழுத்து போட்டது. கடனைக் கட்டத் தவறிய நாடு என்று பொருள்.

இந்த எழுத்துகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. செய்தியில் 'இந்தியாவின் ரேட்டிங்கை எஸ் அண்ட் பி உயர்த்தியது' என்றோ, 'அமெரிக்காவின் ரேட்டிங் குறைப்பு' என்றோ வரும்போது யார், எதற்கு, எதை வைத்து மார்க் போடுகிறார்கள்? போட்டால் நமக்கென்ன?

வங்கிக் கடனுக்கு அலைந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். சிபில் ஸ்கோர் என்று ஊரில் சொல்கிறோமே, அதன் பெரியண்ணன். எனக்கு ஒருமுறை, மூடிவிட்டதாக நினைத்திருந்த கிரெடிட் கார்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறியிருந்த வருடச் சந்தாவால் ஸ்கோர் விழுந்திருந்தது. வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாவம், நல்ல மனிதர். 'சார், எனக்குப் புரியுது, ஆனா இந்த நம்பருக்குக் கீழ இருந்தா வட்டி கூடத்தான் போட முடியும்' என்றார். அவர் என்னை நம்பினாரா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. விதிப்புத்தகம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாடுகள் கதையிலும் இதுதான் முக்கியம்.

ஆனால் ஒப்பீடு ஓர் இடத்தில் உடைந்துவிடும். நான் கட்டாவிட்டால் வங்கி வீட்டை ஜப்தி செய்யலாம். ஒரு நாடு கட்டாவிட்டால் யாரை ஜப்தி செய்வது? நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இலங்கை மீதும் ஹாமில்டன் ரிசர்வ் பேங்க் என்ற கடன்காரர் 2022 ஜூனில் போட்டார். ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் துறைமுகத்துக்குப் பூட்டுப் போட முடியாது. ஆகவே நாட்டுக்குக் கடன் தருகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இவர்களால் கட்ட முடியுமா? முடிந்தாலும் கட்ட மனசு வருமா? முதல் கேள்விக்கு வரி வருமானம், ஏற்றுமதி, அந்நியச் செலாவணிக் கையிருப்பு எல்லாம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அரசியல்தான் பதில். அதனால்தான் ரேட்டிங் அறிக்கைகளில் தேர்தல், கூட்டணி, நாடாளுமன்றச் சண்டை எல்லாம் நுழைகின்றன.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று காசு. இன்னொன்று வாக்குத் தவறாமை. 'நாணயமான ஆள்' என்றால் சொன்ன தேதியில் திருப்பித் தருகிறவர். ரேட்டிங் அளப்பது இந்த இரண்டாவது நாணயத்தை. ஆனால் மார்க் குறைந்தால் ஒரு நாடு எவ்வளவு அடிபடும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் நாணயம்தான், அதாவது எந்தக் காசில் கடன் வாங்கியிருக்கிறது என்பது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மொத்தச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

மார்க் போடுகிறவர்கள் முக்கியமாக மூவர்: எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச். மூன்றுமே தனியார் நிறுவனங்கள், அமெரிக்காவில் பிறந்தவை. ஜான் மூடி என்பவர் 1909-ல் ரயில்வே கம்பெனிகளின் பத்திரங்களுக்கு எழுத்துகளால் தரம் பிரித்ததில் இந்தப் பழக்கம் தொடங்கியது. உச்சியில் 'ட்ரிபிள் ஏ'. அங்கிருந்து டபுள் ஏ, ஏ, ட்ரிபிள் பி, டபுள் பி, பி, ட்ரிபிள் சி என்று இறங்கும். உச்சியைத் தவிர மற்றவற்றுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மூடிஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுவார்கள், படிகள் அதேதான். ரேட்டிங்குடன் 'அவுட்லுக்' என்று ஒன்றும் வரும். அடுத்த மாற்றம் மேலேயா கீழேயா என்பதற்கான கோடி காட்டல் அது.

இந்த ஏணியில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மனதில் வைத்தால் போதும்: ட்ரிபிள் பி மைனஸ். அதுவரை 'முதலீட்டுத் தரம்'. அதற்கு ஒரு படி கீழே, டபுள் பி பிளஸ் வந்துவிட்டால் சந்தை மொழியில் 'ஜங்க்', குப்பை. இந்த ஒரு படி மட்டும் மற்றப் படிகளை விட அதிகம் வலிப்பதற்குக் காரணம், நம் கடன் அதிகாரியின் விதிப்புத்தகம்தான். பல ஓய்வூதிய நிதிகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் முதலீட்டுத் தரத்துக்குக் கீழே உள்ள பத்திரங்களை வைத்திருக்கவே கூடாது என்றோ, இவ்வளவுக்கு மேல் கூடாது என்றோ விதி வைத்திருக்கின்றன. கோட்டைத் தாண்டிக் கீழே போனால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் விற்றாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை விழும்.

பத்திரத்தின் விலை விழுந்தால் வட்டி ஏறும் என்று செய்தியில் சொல்வார்கள். பலர் குழம்புவது இங்கேதான். ஒரு வருடம் கழித்து 100 ரூபாய் தருவதாக அரசு எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். பயம் வந்து அதை 80 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள். வாங்கியவருக்கு 80 போட்டு 20 லாபம், அதாவது 25 சதவீத வட்டி. நாளைக்கு அரசு புதிதாகக் கடன் கேட்டு வந்தால் அவர் என்ன சொல்வார்? 'பழைய சீட்டிலேயே எனக்கு 25 கிடைக்கிறது, உன் புதுச் சீட்டை 8 சதவீதத்துக்கு நான் ஏன் வாங்க வேண்டும்?' அவ்வளவுதான் விஷயம்.

சரி, இலங்கைக்குத் திரும்புவோம்.

2005-ல்தான் இலங்கை முதன்முதலாக ரேட்டிங் வாங்கியது. ஃபிட்ச் கொடுத்தது டபுள் பி மைனஸ். முதலீட்டுத் தரத்துக்கு மூன்று படி கீழே. இருந்தாலும் கதவு திறந்தது. 2007-ல் நாடு முதல் சர்வதேசப் பத்திரத்தை வெளியிட்டது. அங்கே இதைப் பிணைமுறி என்பார்கள். 50 கோடி டாலர், ஐந்து ஆண்டு, 8.25 சதவீத வட்டி. அதுவரை வாங்கிய வெளிநாட்டுக் கடனெல்லாம் பெரும்பாலும் உலக வங்கி, ஜப்பான் போன்ற இடங்களில் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்குக் கிடைத்தவை. பிணைமுறி அப்படியில்லை. வருடா வருடம் வட்டி மட்டும். அசல் முழுவதும் கடைசி நாளில் ஒரே தவணையாக. நம் ஊரில் நகையை அடகு வைத்து வட்டி மட்டும் கட்டிக்கொண்டே வந்து, மீட்க வேண்டிய நாளில் வேறொரு கடையில் வாங்கி இங்கே அடைப்பதில்லையா, கிட்டத்தட்ட அதே ஓட்டம். இன்னொரு கடை கிடைக்கிற வரை ஓடும்.

2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, சுற்றுலா படுத்தது. நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். தேர்தலில் சொன்னபடியே வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. இன்னும் சில வரிகளும் போயின. அப்புறம் கொரோனா. 2020-ல் வரி வருமானம் நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வருமானம் இவ்வளவு சின்னதாகிவிட்ட நாடு டாலர் கடனை எப்படிக் கட்டும் என்று எவரும் கேட்பார்கள். ரேட்டிங் நிறுவனங்களும் கேட்டன. 2020 செப்டம்பரில் மூடிஸ் ஒரே அடியில் இரண்டு படி இறக்கியது. நவம்பரில் ஃபிட்ச் ட்ரிபிள் சி போட்டது. டிசம்பரில் எஸ் அண்ட் பி.

அரசின் பதில், இந்த மதிப்பீடு நியாயமில்லை என்பது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் கொழும்பிலிருந்து ஒரு மறுப்பு அறிக்கை வந்தது. 2021 டிசம்பர் 17-ல் ஃபிட்ச் 'டபுள் சி'க்கு இறக்கியபோதும் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றது மத்திய வங்கி. ஜுரமானியைத் திட்டினால் ஜுரம் இறங்காது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அரசியல்வாதியின் இடத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ரேட்டிங் சரி என்று ஒப்புக்கொண்டால், வரியை மறுபடி ஏற்ற வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் முன்னால் அதைக் குறைப்பதாகச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள்.

இடையில் நடந்ததுதான் நிஜ சேதம். 2019 ஜூனுக்குப் பிறகு இலங்கையால் ஒரு பிணைமுறிகூட விற்க முடியவில்லை. அடுத்த அடகுக்கடை அடைத்துவிட்டது. பழைய கெடுக்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவற்றையெல்லாம் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். 2019 முடிவில் 760 கோடி டாலர் இருந்த கையிருப்பு, 2022 மார்ச் முடிவில் 190 கோடி என்று கணக்கில் இருந்தது. அதிலும் பெரும்பகுதி சீனாவுடனான யுவான் பரிமாற்ற ஏற்பாடு, எடுத்துச் செலவழிக்க முடியாதது. இவ்வளவுக்கும் நடுவில் 2022 ஜனவரி 18-ல் முதிர்ந்த 50 கோடி டாலர் பிணைமுறியை முழுசாக அடைத்தார்கள். கட்டாதீர்கள், கடன்காரர்களோடு பேசுங்கள், அந்த டாலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளாதார நிபுணர்கள் பலர் அப்போது கெஞ்சினார்கள். ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்ற பெருமை ஜெயித்தது. மூன்று மாதத்தில், ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஜனவரிப் பத்திரத்தைச் சந்தையில் சல்லிசாக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் முழுப் பணமும் கிடைத்தது. இந்த முழுக் கதையிலும் எனக்கு அதிகம் உறுத்துவது இந்த 50 கோடிதான்.

எழுத்து இறங்கினால் கப்பல் ஏன் நிற்க வேண்டும்? இறக்குமதி வியாபாரம் எல்.சி.யில் ஓடுகிறது. வாங்குபவரின் வங்கி, 'சரக்கை அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் நான் பணம் தருகிறேன்' என்று விற்பவருக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம் அது. இலங்கைத் தமிழில் இதற்குப் பெயர் நாணயக் கடிதம், என்ன பொருத்தமான பெயர். நாட்டின் ரேட்டிங் விழுந்தால் அந்த நாட்டு வங்கிகளின் ரேட்டிங்கும் கூடவே விழும், ஏனென்றால் டாலர் தீர்ந்துபோன நாட்டில் ஒரு வங்கி மட்டும் எப்படி டாலர் தரும்? ஆகவே சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற வங்கி, கொழும்பு வங்கியின் கடிதத்தை ஏற்கத் தயங்கும். முன்பணம் கேட்கும். எண்ணெய், காஸ், மருந்து, மாவு எல்லாமே இந்தக் கடிதத்தின் பேரில் வருகிறவை. நாணயம் போனதும் நாணயக் கடிதமும் செல்லாது.

ரேட்டிங் நிறுவனங்கள்தான் இலங்கையைக் கவிழ்த்தன என்று சொல்ல மாட்டேன். கடனும் வரிக் குறைப்பும் அவர்கள் செய்ததில்லை. ஆனால் ஏற்கனவே தள்ளாடுகிறவரின் கையிலிருந்து கோலைப் பிடுங்கும் தன்மை இந்த முறைக்கு உண்டு. இதைவிட மோசமான உதாரணம் தென் கொரியா. 1997 அக்டோபர் தொடக்கத்தில் எஸ் அண்ட் பி அதற்குக் கொடுத்திருந்தது டபுள் ஏ மைனஸ், கம்பீரமான மார்க். டிசம்பர் கடைசியில் பி பிளஸ். மூன்று மாதத்துக்குள் பத்துப் படி. கொரியத் தொழிற்சாலைகள் அந்த மூன்று மாதத்தில் மாயமாகிவிடவில்லை. வரப்போவதை முன்கூட்டிச் சொல்லத் தவறியவர்கள், வந்த பிறகு பதறி ஓடியதில் நிலைமை இன்னும் கெட்டது என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து இருக்கிறது. 2008-ல் அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களுக்கு ட்ரிபிள் ஏ வாரி வழங்கியிருந்த கதை அதற்கு மேல். பத்திரம் வெளியிடுகிறவரே ரேட்டிங்குக்குக் கட்டணம் கட்டுகிற ஏற்பாடு 1970-களில் இருந்து நடக்கிறது. மாணவன் கொடுக்கிற காசில் வாத்தியார் மார்க் போடுகிற மாதிரி.

இதற்கு நேர்மாறான காட்சி அமெரிக்கா. 2011 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை இரவு. கடன் உச்சவரம்பை வைத்து வாஷிங்டனில் கட்சிகள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டதைக் காரணம் காட்டி, அமெரிக்காவின் ட்ரிபிள் ஏ-வை எஸ் அண்ட் பி பறித்தது. கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் தப்பு இருக்கிறது என்று அமெரிக்க நிதித்துறை சுட்டிக்காட்டியது. எஸ் அண்ட் பி அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டு, காரணத்தில் அரசியலை முன்னே வைத்து, முடிவை மட்டும் மாற்றாமல் அறிவித்தது. திங்கட்கிழமை பங்குச் சந்தை சரிந்தது. பயந்த முதலீட்டாளர்கள் பணத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள் தெரியுமா? எந்தப் பத்திரத்தின் மார்க் குறைந்ததோ அதே அமெரிக்க அரசுப் பத்திரத்தில். பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. 2023 ஆகஸ்டில் ஃபிட்ச்சும், 2025 மேயில் மூடிஸும் உச்ச மார்க்கைப் பறித்துவிட்டன. இன்று மூவரிடமும் அமெரிக்காவுக்கு ட்ரிபிள் ஏ இல்லை. கப்பல் எதுவும் நிற்கவில்லை.

வித்தியாசம் முன்பே சொன்ன முதல் நாணயம். அமெரிக்கா டாலரில் கடன் வாங்குகிறது, டாலரை அச்சடிப்பதும் அதுவே. இலங்கை டாலரில் வாங்கி ரூபாயை அச்சடித்தது. கிரீஸ் இரண்டுக்கும் நடுவில்: அதன் கடன் சொந்தக் காசான யூரோவில்தான், ஆனால் அச்சடிக்கும் அதிகாரம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியிடம். 2010 ஏப்ரல் 27-ல் எஸ் அண்ட் பி கிரீஸைக் குப்பைத் தரத்துக்கு இறக்கியது. ஐரோப்பிய மத்திய வங்கியிடம் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் வாங்க குறைந்தபட்ச ரேட்டிங் வேண்டும் என்று விதி இருந்தது. மற்ற நிறுவனங்களும் இறக்கினால் கிரேக்க வங்கிகள் மூச்சுத் திணறிவிடும். மே 3-ஆம் தேதி, கிரீஸுக்கு மட்டும் அந்த விதியை நிறுத்திவைப்பதாக மத்திய வங்கி அறிவித்தது. விதிப்புத்தகம் எழுதியவர்களே அதைச் சுருட்டி வைத்த நாள். அதற்கு விலையாக கிரீஸ் ஏற்ற சிக்கனத் திட்டங்களில் ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டுப்பட்டன, அரசுகள் கவிழ்ந்தன.

இந்தியா? 1991-ல் நாமும் குப்பைத் தரத்துக்குப் போனோம். கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, அதன் பேரில் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. முதலீட்டுத் தரம் திரும்பக் கிடைக்க எஸ் அண்ட் பி-யிடம் 2007 வரை ஆனது. அதன் பிறகு 18 வருடம் கடைசிப் படியிலேயே, ட்ரிபிள் பி மைனஸில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த மதிப்பீடு இந்தியாவின் அடிப்படைகளைக் காட்டவில்லை என்று 2020-21 பொருளாதார ஆய்வறிக்கை தனி அத்தியாயமே எழுதியது. அதில் நியாயம் உண்டு. அதே சமயம் தனிநபர் வருமானம் குறைவு, மத்திய மாநில அரசுகளின் கடன் அதிகம் என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. 2025 ஆகஸ்ட் 14-ல் எஸ் அண்ட் பி ஒரு படி ஏற்றியது. அடுத்த நாளே ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ, ஹெச்டிஎஃப்சி உள்ளிட்ட நிதி நிறுவனங்களின் ரேட்டிங்கும் கூடவே ஏறியது. கொழும்பில் வங்கிகளைக் கீழே இழுத்த அதே கயிறு, இங்கே மேலே இழுத்தது.

பெரிய லாபம் என்று குதிக்க வேண்டியதில்லை. இந்திய அரசு வெளிநாட்டுச் சந்தையில் டாலர் பத்திரம் விற்பதில்லை. 2019 பட்ஜெட்டில் அப்படி ஒரு யோசனை வந்து, எதிர்ப்பு கிளம்பி, கிடப்பில் போனது. நம் அரசுக் கடனில் பெரும்பகுதி ரூபாயில், நம் வங்கிகளும் எல்.ஐ.சி.யும் நம் பி.எஃப். பணமும் கொடுத்தது. ரேட்டிங் ஏறினால் அதிகம் சந்தோஷப்படுவது வெளிநாட்டில் டாலர் கடன் வாங்கும் கம்பெனிகள்தான்.

இலங்கை 2023 மார்ச்சில் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.-இடம் 300 கோடி டாலர் உதவித் திட்டத்துக்குக் கையெழுத்திட்டது. 8 ஆகக் குறைத்த வாட் வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளில் ஆகப் பெரும்பகுதிக்குப் பதிலாகப் புதியவை கைமாறின, அசலில் ஒரு பங்கு தள்ளுபடி. அந்த மாதமே ஃபிட்ச் அதன் பெயரிலிருந்து 'ஆர்.டி.'யை எடுத்துவிட்டு ட்ரிபிள் சி பிளஸ் போட்டது. அங்கிருந்து ட்ரிபிள் பி மைனஸுக்கு ஏழு படி. இலங்கை அந்தக் கோட்டை இதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 2010 ஏப்ரலில் கோட்டுக்குக் கீழே விழுந்த கிரீஸை, எஸ் அண்ட் பி மறுபடி மேலே ஏற்றியது 2023 அக்டோபரில்.